டாக்ஸிக்காரர் மகன் கற்ற ஊசிவேலை

1985. கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் பகுதியில், ஆண்கள் மட்டும் படிக்கும் பள்ளி ஒன்றிலிருந்து 16 வயதுப் பையன் ஒருவன் படிப்பை முடித்துக்கொண்டு வெளியே வருகிறான். ஓ-லெவல் தேர்வில் அவன் தேறியிருப்பது ஒரே ஒரு பாடத்தில். பாடம், ஓவியம். அப்பா கறுப்பு டாக்ஸி ஓட்டுகிறார். வீட்டில் ஆறு பிள்ளைகள், இவன் கடைக்குட்டி. பிரிட்டனில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்த காலம் அது. பையனின் பெயர் லீ அலெக்ஸாண்டர் மெக்வீன்.

1996-ல், 27 வயதில், பாரிஸின் புகழ்பெற்ற ஜிவான்ஷி நிறுவனம் அவரைத் தன் தலைமை வடிவமைப்பாளராக அமர்த்திக்கொண்டது. பிரிட்டனின் ஆண்டின் சிறந்த ஆடை வடிவமைப்பாளர் விருது நான்கு முறை அவருக்குக் கிடைத்தது. 2003-ல் சி.பி.இ. என்ற அரச விருது. 2010 பிப்ரவரியில், 40 வயதிலேயே காலமானார். மறு ஆண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் அவருடைய ஆடைகளைக் காட்சிக்கு வைத்தபோது, மே தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரைக்குள் 6,61,509 பேர் வந்து பார்த்தார்கள்.

மெக்வீனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஏழைப் பையன், திடீர்ப் புகழ். 'ஃபேஷன் உலகின் ரகளைக்காரன்' என்று பத்திரிகைகள் அவருக்குச் சூட்டிய பட்டம் இந்தக் கதைக்கு வசதியாகப் பொருந்திப்போயிற்று. ஆனால் 1985-க்கும் 1992-க்கும் இடையில் இருக்கும் ஏழு ஆண்டுகளை யாராவது பொறுமையாகப் பார்த்தால், அங்கே ரகளை அதிகம் தென்படாது. ஒரு பெஞ்சு, ஒரு ஊசி, தேன்மெழுகு தடவிய நூல், தைத்ததைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைக்கச் சொல்லும் ஒரு ஆசான். மெக்வீனின் மேதைமை அங்கேதான் வேர்விட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

மாடியிலிருந்து பறவை பார்த்த பையன்

லீ பிறந்தது 1969 மார்ச் 17, தென்கிழக்கு லண்டனின் லூயிஷாம் பகுதியில். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தது. 2012-ல் ஒலிம்பிக் போட்டிகள் நடந்ததால் இன்று உலகம் அறிந்த ஊர். அன்றைக்கோ, துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த உழைப்பாளிகளின் பகுதி. அப்பா ரொனால்டின் முன்னோர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அம்மா ஜாய்ஸ் சமூக அறிவியல் கற்பித்தவர். குடும்ப வரலாற்றைத் தேடிப் பழைய ஆவணங்களைப் புரட்டுவதில் தீராத ஆசை கொண்டவர். பின்னாளில் மகன் ஸ்காட்லாந்தின் ரத்தம் தோய்ந்த சரித்திரத்தையும் பழைய லண்டனின் இருண்ட சந்துகளையும் ஆடைகளுக்குள் கொண்டுவந்ததில் அம்மாவின் அந்தத் தேடலுக்குப் பெரிய பங்கு உண்டு.

பள்ளிக்கூடம் அவனுக்கு ஒட்டவில்லை. பாடநோட்டுகளில் உடைகளாக வரைந்து தள்ளுவான். மூன்று வயதிலேயே வீட்டுச் சுவரில் சிண்ட்ரெல்லாவின் கவுனை வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தான் மற்ற பையன்களைப்போல இல்லை, ஆண்கள்மீதே தனக்கு ஈர்ப்பு என்பதைச் சின்ன வயதிலேயே அவன் அறிந்திருந்தான். அந்த வட்டாரத்தில், அந்தக் காலத்தில், அது கேலிக்கும் அடிக்கும் போதுமான காரணம்.

அக்கம்பக்கத்து அடுக்குமாடிக் கட்டடங்களின் மேலே ஏறி நின்று, காற்றில் அசையாமல் மிதந்து இரையைத் தேடும் வல்லூறுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. சிறுவர்களுக்கான பறவை ஆர்வலர் சங்கத்தில் உறுப்பினராகவும் இருந்தான். மெக்வீன் ஆடைகளில் இறகுகளும் சிறகுகளும் அலகுகளும் ஏன் அவ்வளவு இடம் பிடித்தன என்பதற்கு வேறெங்கும் போய்க் காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொரு நினைவும் உண்டு, அது கொடியது. அக்கா ஒருவர் கணவரிடம் அடிபடுவதைச் சிறுவயதிலேயே நேரில் பார்த்ததாகப் பின்னாளில் பேட்டிகளில் மெக்வீன் சொன்னார். தன் ஆடையை அணியும் பெண்ணைப் பார்த்து மற்றவர்கள் அஞ்ச வேண்டும் என்பது அவர் பலமுறை சொன்ன வாசகம். அவருடைய ஆடைகளைப் பெண்களுக்கு எதிரானவை என்று ஒரு காலத்தில் விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். அந்த விமர்சகர்களில் எத்தனை பேர் இந்தச் சிறுவனை அறிந்திருந்தார்கள் என்று தெரியவில்லை. அவருடைய கோட்டுகளில் தோள் ஏன் கவசம்போல நிமிர்ந்து நிற்கிறது என்பது எனக்கு இந்த இடத்தில்தான் புரிகிறது.

சாவில் ரோவின் பெஞ்சில்

பள்ளி முடிந்தபின் உள்ளூர்க் கல்லூரியில் மாலை நேரத் தையல் வகுப்பு. வருமானத்துக்குச் சில்லறை வேலைகள். அப்போதுதான் ஜாய்ஸ் தொலைக்காட்சியில் ஒரு செய்தியைப் பார்த்தார். ஆண்களின் கோட்டு சூட்டுக்கு உலகத்தின் தலைநகரமாகிய லண்டனின் சாவில் ரோ தெருவில், தொழில் கற்க இளைஞர்களே வருவதில்லை. கலை அழிந்துவிடுமோ என்று முதலாளிகள் கவலைப்படுகிறார்கள் என்பது செய்தி. "போய்க் கேட்டுத்தான் பாரேன்" என்று மகனை உந்தினார். அவனும் நேராகப் போய் ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்டு கடையின் வாசலில் நின்றான். முன்கூட்டி அனுமதி வாங்கவில்லை, சிபாரிசு இல்லை. சேர்த்துக்கொண்டார்கள்.

அது எப்படிப்பட்ட கடை என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1906-ல் தொடங்கியது. ஃப்ரெட் அஸ்டேர், கேரி கூப்பர் போன்ற ஹாலிவுட் நட்சத்திரங்கள் அங்கே அளவு கொடுத்தவர்கள். லீ வேலைக்குச் சேர்ந்த காலத்தில், அப்போது வேல்ஸ் இளவரசராக இருந்த சார்லஸும் வாடிக்கையாளர். விளம்பரம் என்பதே கூடாது என்று நினைத்த நிறுவனம். ஒரு கையெழுத்தைப்போல அந்தக் கடைக்கென்று ஒரு வெட்டு உண்டு. தோளில் விறைப்பான பஞ்சு அதிகம் வைக்கமாட்டார்கள். மார்பில் துணி இளகி விழும். கைக்குழியோ சிறியதாக, அக்குளுக்கு நெருக்கமாக, மேலே ஏற்றி வெட்டப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு இது தலைகீழ் யோசனைபோலத் தோன்றும். கைக்குழி பெரிதாக இருந்தால்தானே கை தாராளமாக அசையும்? உண்மை அப்படியில்லை. குழி பெரிதானால் கையைத் தூக்கும்போது கோட்டே சேர்ந்து மேலே ஏறும். சிறிய குழியில் கை மட்டும் தனியாக உயரும், கோட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். உடம்பு அசைவதை வைத்துத் துணியை வெட்டுவது என்ற இந்தப் பாடத்தைப் பதினாறு, பதினேழு வயதில் ஒருவன் கையால் கற்றுக்கொள்கிறான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவனுக்கு ஆசானாக அமைந்தவர் கார்னீலியஸ் ஓ'கேலஹன். 'கான்' என்று அழைக்கப்பட்ட அயர்லாந்துக்காரர், கோட்டு தைப்பதில் தேர்ந்த கை. நம்மூர்த் தையல் கடையில் காஜா எடுக்கிற பையனாகச் சேர்ந்து, படிப்படியாக மெஷினில் உட்கார்ந்து, கடைசியில் கத்தரிக்கோலைத் தொடுகிற அதே வழிதான் அங்கேயும். கத்தரி கடைசி. முதலில் ஊசி.

சாவில் ரோவில் ஒரு தொழில் பழகுபவனுக்கு முதலில் விரலுறையைப் பழக்குவார்கள். நடுவிரலை மடக்கியபடியே வைத்து, விரலுறையின் பக்கவாட்டால் ஊசியைத் தள்ள வேண்டும். பழகாத விரல் நீட்டிக்கொள்ளும் என்பதால், மடங்கியபடியே இருக்க விரலைக் கட்டிவிடுகிற வழக்கமும் உண்டு. அதன்பிறகு வருவது பேட் தையல். கோட்டின் மார்புப் பக்கம் மடிந்து விழுகிறதே, அந்த லேப்பலின் உள்ளே குதிரைமயிர் கலந்து நெய்த கேன்வாஸ் இருக்கும். அந்தக் கேன்வாஸையும் மேல் துணியையும் சாய்வான சின்னச் சின்னத் தையல்களால், நூற்றுக்கணக்கில், வரிசை வரிசையாக இணைக்க வேண்டும். ஊசி மேல் துணியின் ஒன்றிரண்டு இழைகளை மட்டுமே பிடிக்க வேண்டும். வெளிப்பக்கம் ஒரு புள்ளிகூடத் தெரியக் கூடாது. தைக்கும்போதே இடது கைவிரல்களின் மேல் துணியை உருட்டிப் பிடித்துக்கொண்டு தைத்தால்தான், முடிந்தபிறகு லேப்பல் தானாகவே அழகாகச் சுருண்டு மடியும். இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி மடித்த லேப்பல் நாளடைவில் தட்டையாகிவிடும். ஊசியால் உருட்டிய லேப்பல் கோட்டு கிழியும்வரை அப்படியே நிற்கும். இந்த வேலையை ஒரு நாள் அல்ல, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்ய வேண்டும். சரியில்லை என்றால் ஆசான் பிரித்துப்போடுவார். மறுபடி முதலிலிருந்து.

பிறகு பைகள், மூடிகள், உள்துணி, காலர், கடைசியாகக் கை. கம்பளித் துணியை நீராவியாலும் சூட்டாலும் சுருக்கவும் நீட்டவும் முடியும் என்பதும் அப்போது கற்கிற வித்தைதான். தட்டையான துணியை மார்பின் மேட்டுக்கும் முதுகின் வளைவுக்கும் ஏற்பப் படிய வைப்பது கத்தரியால் மட்டும் நடப்பதில்லை. பாதி வேலை இஸ்திரிப் பெட்டியில். சாவில் ரோ கோட்டு சூட்டு ஒன்றுக்குக் குறைந்தது 50 மணிநேரக் கைவேலை தேவை என்பது அந்தத் தெருவின் கணக்கு.

முதல் பொருத்தப் பார்வைக்குக் கொடுக்கும் அளவில் ஒரு கோட்டைத் தனியாகக் கட்டி எழுப்புவதை அங்கே பெரிய படிக்கட்டாகக் கருதுவார்கள். மற்றவர்கள் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் அந்தப் படியை லீ சுமார் இரண்டே ஆண்டுகளில் தொட்டுவிட்டான்.

இந்தக் காலத்தைப் பற்றிப் பத்திரிகைகள் அதிகம் எழுதியது ஒரே ஒரு விஷயத்தைத்தான். இளவரசர் சார்லஸுக்குத் தைத்த கோட்டின் உள்துணிக்கு அடியில், சாக்கட்டியால் ஏதோ ஒரு வசவை எழுதி வைத்ததாக மெக்வீன் பிற்காலத்தில் சொன்ன கதை. நிறுவனம் கோட்டுகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்ததாகவும், அப்படி எதுவும் அகப்படவில்லை என்றும் சொல்லப்பட்டது. எழுதினானோ இல்லையோ, அந்தக் கதை கிளப்பிய சத்தத்தில் உண்மையான செய்தி அமுங்கிப்போனது எனக்கு வருத்தம். நாட்டின் வருங்கால அரசருக்குப் போகும் கோட்டில் ஊசி வைக்கும் அளவுக்கு ஒரு பதின்வயதுப் பையனின் கை தேறியிருந்தது என்பதல்லவா செய்தி!

ராணுவம், நாடக மேடை, மிலான்

அடுத்து, அதே தெருவின் முதலாம் எண் கட்டடத்தில் இருந்த கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ். ராணுவ, கடற்படைச் சீருடைகளுக்குப் பேர்போன கடை. பிற்கால மெக்வீன் ஆடைகளில் வரும் பொத்தான் வரிசைகளும் சரிகைப் பின்னலும் நிமிர்ந்த காலர்களும் படைவீரனின் இறுக்கமும் அங்கே பார்த்தவை என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதன்பின் நாடக உடைகள் தைக்கும் பெர்மன்ஸ் அண்ட் நேதன்ஸ் நிறுவனம். 'லே மிசராப்லே' இசைநாடகத்துக்கான உடைகள் உட்படப் பல காலத்து ஆடைகள் அவன் கைக்கு வந்தன. மேடை உலகம் தனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் பிற்காலத்தில் சொன்னார். ஆனால் கற்றது வீண்போகவில்லை. 16-ஆம் நூற்றாண்டு உடைகளின் வெட்டு முதல் இன்றைய கூர்மையான கோட்டு வெட்டு வரை ஆறுவகை வெட்டுமுறைகள் கைவசப்பட்டன. சாவில் ரோவில் கற்றது ஆண் உடம்பை. இங்கே கற்றது இடுப்பை இறுக்கி, தோளை விரித்து, உருவத்தையே மாற்றிவிடுகிற பழங்காலத்து வெட்டை. இரண்டும் ஒரே கையில் சேர்ந்தது அபூர்வம்.

லண்டனில் வேலை பார்த்த ஜப்பானிய வடிவமைப்பாளர் கோஜி தட்சுனோவிடம் கொஞ்ச காலம். 'ரெட் ஆர் டெட்' நிறுவனத்தில் ஜான் மெக்கிட்டெரிக்கிடம் கொஞ்ச காலம். அந்த மெக்கிட்டெரிக்தான், "இத்தாலிக்குப் போ" என்று வழிகாட்டியவர்களில் ஒருவர். அப்போது மிலானில் ரோமியோ ஜீலியின் காலம். கூட்டுப்புழுவின் கூட்டைப்போல உடம்பைச் சுற்றி இளகி விழும் அவருடைய ஆடைகளுக்காக ஃபேஷன் உலகம் கிறங்கிக் கிடந்தது. இருபது, இருபத்தொரு வயது லீ அங்கே போய் வேலை கேட்டான். அவனிடம் பட்டம் இல்லை. சாவில் ரோவில் வேலை பார்த்த அனுபவம் இருந்தது. ஜீலிக்கு வேண்டியிருந்ததும் அதுதான். அங்கே தங்கியது ஓராண்டுகூட இல்லை. ஆனால் ஒரு வடிவமைப்பாளர் தன் பெயரை எப்படி நிலைநாட்டுகிறார், பத்திரிகைகள் எப்படி அவரைத் தூக்கிப் பிடிக்கின்றன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினான்.

வேலை கேட்டு வந்தவன் மாணவனானான்

1990. லண்டனின் சேரிங் கிராஸ் சாலையில் இருந்த சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரி. அங்கே ஃபேஷன் முதுநிலைப் படிப்பைத் தொடங்கி நடத்திவந்தவர் பாபி ஹில்சன் என்ற பெண்மணி. ஒரு நாள் அவர் அறை வாசலில் கலைந்த உடையோடு ஓர் இளைஞன் வந்து நிற்கிறான். மாணவனாகச் சேர வரவில்லை. வெட்டுக்கலை கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் வேலை கேட்டு வந்திருக்கிறான்.

வயது குறைவு, அவனைவிடப் பெரியவர்கள் அவனிடம் பாடம் கேட்கமாட்டார்கள் என்று ஹில்சன் நினைத்தார். ஆனால் அனுப்பிவிடவில்லை. எங்கெங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டார். ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்டு, கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ், ரோமியோ ஜீலி என்று அவன் அடுக்கியதைக் கேட்டு, அவன் வரைந்தவற்றையும் பார்த்துவிட்டு, முதுநிலைப் படிப்பிலேயே இடம் தந்துவிட்டார். இளநிலைப் பட்டம் இல்லாதவனுக்கு. விதிப் புத்தகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. மெக்வீன் வரலாற்றில், பின்னாளில் அவரைக் கண்டெடுத்த இசபெல்லா ப்ளோவைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். எனக்கு ஹில்சன்தான் பெரியவர்.

இடம் கிடைத்தது, பணம்? அரசு உதவித்தொகை இல்லை. டாக்ஸி ஓட்டும் அப்பாவால் கட்ட முடிகிற தொகையும் இல்லை. ரெனே ஆன்ட்டி என்ற உறவினர் 4,000 பவுண்டு கடனாகக் கொடுத்தார்.

கல்லூரியில் அவனுக்குக் கிடைத்தது ஊசியோ கத்தரியோ அல்ல, அவை ஏற்கெனவே கையில் இருந்தன. கிடைத்தது சுதந்திரமும் நூலகமும் தன்னைப்போலவே வெறிகொண்ட நண்பர்களும். துணி அச்சுக்கலை படித்த சைமன் அங்லெஸ் அவர்களில் ஒருவர். தைக்கத் தெரியாமல் அழகாக வரைய மட்டும் தெரிந்த வடிவமைப்பாளர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் கனவைத் துணியாக்க வேறொருவர் வேண்டும். இவனுக்கு அந்தத் தேவை இல்லை. நினைத்த மாத்திரத்தில் துணியின் மேலேயே கத்தரியை ஓட்டி வெட்டுகிற அவருடைய வேகத்தைப் பின்னாளில் உடன் வேலைபார்த்தவர்கள் வியப்போடு சொல்லியிருக்கிறார்கள்.

1992 மார்ச்சில் படிப்பின் நிறைவாக ஆடைத் தொகுப்பு மேடையேறியது. தலைப்பு, 'ஜாக் தி ரிப்பர் தன் பலிகளைப் பின்தொடர்கிறான்'. 1888-ல் கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில் ஏழைப் பெண்களைக் கொன்று, கடைசிவரை பிடிபடாமலேயே போனவனின் பெயர் அது. மெக்வீன் வளர்ந்த ஊரிலிருந்து சில மைல் தூரம்தான்.

அந்தத் தொகுப்பின் ஒரு கோட்டைக் கிட்டே போய்ப் பார்ப்போம். இளஞ்சிவப்புப் பட்டு சாட்டின். அதன்மேல் கறுப்பு முட்கொடிகள் அச்சிடப்பட்டுப் படர்ந்திருக்கின்றன. இடுப்பை ஒட்டி இறங்கி, கீழே கூராக விரிகிற விக்டோரியா காலத்து ஆண் கோட்டின் வெட்டு. உள்துணி வெள்ளைப் பட்டு. அந்த உள்துணிக்குள் மனிதத் தலைமுடி அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. விக்டோரியா காலத்தில் விலைமாதர்கள் தங்கள் கூந்தலை வெட்டி விற்றதும், காதலர்கள் முடிக்கற்றையைப் பரிசாகப் பரிமாறிக்கொண்டதும் அதற்குப் பின்னால் இருக்கும் செய்தி. தொடக்ககாலத்து ஆடைகளில் அவர் தன் தலைமுடியையே பெயர்ச்சீட்டோடு சேர்த்து வைத்தார். பார்ப்பவர் திடுக்கிட வேண்டும் என்பதற்காக வைத்தது என்று இதை எளிதாகத் தள்ளிவிடலாம். ஆனால் தையற்காரன் மட்டுமே அறிந்த, வெளியே தெரியாத உட்புறத்தில் ஒரு கதையை ஒளித்து வைப்பது, உட்புறத்திலேயே ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவனுக்குத்தான் தோன்றும்.

அந்த நிகழ்ச்சிக்கு நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தவர் இசபெல்லா ப்ளோ. பத்திரிகையாளர், புதியவர்களைக் கண்டெடுப்பதில் பசியோடு அலைந்தவர். ஆடைகள் அசைந்த விதம் அவரை உலுக்கிவிட்டது. மெக்வீனின் அம்மா வீட்டுக்குத் தொலைபேசியில் மறுபடி மறுபடி அழைத்து, தொகுப்பு முழுவதையும் 5,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டார். மொத்தமாகக் கொடுக்க அவரிடமும் பணமில்லை. வாரம் 100 பவுண்டு தவணை. மெக்வீன் ஒவ்வோர் உடையாகக் குப்பைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்; இருவருமாகப் பணம் எடுக்கும் இயந்திரத்துக்குப் போவார்கள். லீ என்ற முதல் பெயரை விட்டு அலெக்ஸாண்டர் என்ற நடுப்பெயரை அவர் தொழிலுக்கு வைத்துக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான்.

மறு ஆண்டே சொந்தத் தொகுப்புகள் தொடங்கின. முதுகெலும்பின் அடி தெரியும்படி மிகத் தாழ்வாக வெட்டிய 'பம்ஸ்டர்' கால்சட்டை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆபாசம் என்றார்கள். உடம்பின் நீளத்தைக் கூட்டிக் காட்டவே அப்படி வெட்டினேன் என்றார் அவர். இடுப்பெலும்பைப் பிடிமானமாகக் கொள்ளாத ஒரு கால்சட்டை நடக்கும்போது நழுவாமல் நிற்க வேண்டுமானால், வெட்டு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ள எந்தக் கட்டிங் மாஸ்டரைக் கேட்டாலும் சொல்வார். விதிகளை உடைக்க வேண்டுமானால் முதலில் அவற்றைக் கற்றிருக்க வேண்டும், மரபைக் காத்துக்கொண்டே விதிகளைத் தகர்ப்பதுதான் தன் வேலை என்று மெக்வீனே சொல்லியிருக்கிறார். அது வாய்வார்த்தை இல்லை என்பதற்கு அந்தக் கால்சட்டையே சாட்சி.

ஃபேஷன் படிக்க ஆசைப்படும் இளைஞர்கள் இன்று நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெக்வீன் நிகழ்ச்சிகளின் வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் மேடையில் வரும் மழையையும் நெருப்பையும் ரோபோக்களையும் ஒருமுறை பார்த்து முடித்தபின், மறுமுறை ஒலியை அணைத்துவிட்டு, கோட்டு வரும் இடங்களில் நிறுத்தி, தோளையும் கை இணையும் இடத்தையும் லேப்பலின் சுருளையும் மட்டும் பாருங்கள். கான் ஓ'கேலஹனின் பெஞ்சில் கற்ற பாடம் கடைசித் தொகுப்பு வரை அங்கே இருக்கிறது.

மெக்வீன் 2006-ல் சாராபாண்டே என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். தன் சொத்தின் பெரும்பகுதியையும் அதற்கே எழுதிவைத்தார். படிக்க வசதியில்லாத கலை மாணவர்களுக்கு அது உதவித்தொகை தருகிறது. கிழக்கு லண்டனின் ஹேகர்ஸ்டனில் இளம் கலைஞர்களுக்குக் குறைந்த வாடகையில் வேலை செய்யும் இடமும் கொடுக்கிறது.